15 வயதில் தவறு செய்தால் சட்டம் என்ன செய்யும்?

எங்கள் செய்தியறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு செய்திக்கு இப்படித் தலைப்பு வைத்தார்: "15 வயதுச் சிறுவனுக்குத் தண்டனை". நான் கடைசிச் சொல்லை அடித்துவிட்டேன்.

"ஏன் அக்கா? நீதிமன்றத்துலதானே முடிவு பண்ணாங்க?" என்று கேட்டார்.

முடிவு செய்தது நீதிமன்றம்தான். ஆனால் அது இளையர் நீதிமன்றம். அங்கே 'தண்டனை' என்ற சொல்லே கிடையாது. நான் சும்மா சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். சட்டத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார்.

சிங்கப்பூரின் சிறுவர், இளையர் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. இளையர் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் 'கன்விக்‌ஷன்', 'சென்டென்ஸ்' ஆகிய இரண்டு சொற்களையும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. அந்தப் பிள்ளை குற்றம் புரிந்தது உறுதியானது, அதன்பேரில் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"திருடினவனைத் திருடன்னு சொன்னா என்ன தப்பு?" என்று உங்கள் மாமா சாப்பாட்டு மேசையில் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, ஒரு பிள்ளை பிடிபட்ட நேரத்திலிருந்து என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

<b>ஒரு இயர்போன், ஒரு தொலைபேசி அழைப்பு</b>

ஒரு கற்பனை உதாரணம். உயர்நிலை 3இல் படிக்கும் 15 வயது மாணவர். பெயர் வேண்டாம். பள்ளி முடிந்து நண்பர்களுடன் கடைத்தொகுதிக்குப் போகிறார். 40 வெள்ளி மதிப்புள்ள இயர்போன் ஒன்று பைக்குள் போகிறது. வாசலில் பாதுகாவலர் நிறுத்துகிறார். கடைக்காரர் காவல்துறையை அழைக்கிறார்.

வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு போகிறது. அம்மா அழுதுகொண்டே வருகிறார். "எல்லாம் போச்சு, இனி இவன் படிப்பு அவ்வளவுதான்" என்று நினைக்கிறார். அநேகமாக எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் நினைப்பார்கள். உண்மையில் சட்டம் அந்த இடத்தில் அவ்வளவு அவசரப்படுவதில்லை.

முதலில் விசாரணை. 16 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவரைக் காவல்துறை விசாரித்து வாக்குமூலம் வாங்கும்போது, வழக்குடன் சம்பந்தமில்லாத பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். 'அப்ரோப்ரியேட் அடல்ட்' என்று ஆங்கிலத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பயிற்சி பெற்ற தொண்டூழியர். சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் அந்தத் தொண்டூழியர்களை நிர்வகிக்கிறது.

அவர் வழக்கறிஞர் அல்ல. "இதைச் சொல்லாதே, அதைச் சொல்" என்றெல்லாம் ஆலோசனை தர மாட்டார். பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா, பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, சற்று ஓய்வு வேண்டுமா என்று கவனிப்பதுதான் அவர் வேலை.

அம்மாவோ அப்பாவோ இருந்தால் போதாதா என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எத்தனை பேர் உண்மையைப் பேசுவோம்? சில பெற்றோர் பிள்ளைக்குப் பதிலாகத் தாங்களே பேசிவிடுவார்கள். சிலர் அங்கேயே அடிக்கக் கை ஓங்குவார்கள். அதனால்தான் வெளியாள்.

இந்தத் திட்டம் சும்மா வந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் 14 வயது மாணவர் ஒருவர் பள்ளியிலிருந்து காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். விசாரணை முடிந்து வீடு திரும்பிய அன்றே அவர் இறந்துபோனார். நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. இளம் வயதினரை விசாரிக்கும் முறை மறுஆய்வு செய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் திட்டம் தொடங்கியது. இப்போது வழக்கமாகிவிட்ட ஒரு நடைமுறைக்குப் பின்னால் இப்படி ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது.

<b>நீதிமன்றத்துக்குப் போகாமலே முடியுமா?</b>

முடியும். முதல் தடவை, சிறிய குற்றம் என்றால் பெரும்பாலும் அதற்குத்தான் முயற்சி நடக்கும்.

நம் மாணவரின் வழக்கில் காவல்துறை அதிகாரிகள் மட்டும் முடிவெடுப்பதில்லை. சமூக ஊழியர் ஒருவர் பிள்ளையிடமும் குடும்பத்திடமும் பேசுவார். வீட்டில் என்ன நிலைமை, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாரா, யாரோடு சுற்றுகிறார் என்பதெல்லாம் கேட்கப்படும். அந்தத் தகவல் அரசாங்க வழக்கறிஞர்களின் முடிவுக்கு உதவும்.

பிறகு அவர் வழிகாட்டித் திட்டத்தில் சேர்க்கப்படலாம். 1997ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் திட்டம் இது. சுமார் 6 மாதம் ஆலோசனைச் சந்திப்புகள் நடக்கும். பெற்றோரும் வர வேண்டும். ஒழுங்காக முடித்தால் கடுமையான எச்சரிக்கையோடு விவகாரம் முடியும். பாதியில் விட்டுவிட்டால் குற்றச்சாட்டு வரலாம். கும்பல்களோடு சேர்ந்து சுற்றும் பிள்ளைகளுக்கு 'ஸ்ட்ரீட்வைஸ்' என்று தனியாக ஒரு திட்டமும் உண்டு.

கடுமையான எச்சரிக்கை என்பது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. எச்சரிக்கை கொடுக்கப்பட்டதால் ஒருவர் குற்றவாளி என்று ஆகிவிடாது. உயர் நீதிமன்றமே 2015இல் வேறொரு வழக்கில் அதைத் தெளிவாக்கியிருக்கிறது.

"அப்போ சும்மா விட்டுடறாங்க?" என்று கேட்பீர்கள். 15 வயதில் 6 மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பாருங்கள். சிசிஏ முடிந்து நண்பர்கள் சாப்பிடப் போகும்போது நீங்கள் மட்டும் ஆலோசகரைப் பார்க்கப் போக வேண்டும். பக்கத்தில் அம்மா வேறு.

<b>நீதிமன்றத்துக்குப் போனால்?</b>

அவர் அதற்கு முன்னரும் பிடிபட்டவர் என்று வைத்துக்கொள்வோம். அல்லது திருட்டோடு அடிதடியும் நடந்தது. வழக்கு இளையர் நீதிமன்றத்துக்குப் போகிறது.

நாடகங்களில் பார்ப்பது போன்ற இடம் அல்ல அது. பொதுமக்கள் உள்ளே போய் உட்கார முடியாது. என்ன உத்தரவு பிறப்பிக்கலாம் என்று நீதிபதி யோசிக்கும்போது, சமூகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஆலோசகர்கள் இருவர் அவருடன் இருப்பார்கள். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையும் வரும். அந்த அறிக்கையைத் தயாரிக்கச் சில வாரங்கள் ஆகும். குற்றத்தைப் பற்றிய விவரத்தைவிட அந்தப் பிள்ளையைப் பற்றிய விவரம்தான் அதில் அதிகம்.

குற்றத்தின் தன்மையையும் பிள்ளையின் சூழலையும் பொறுத்து உத்தரவு அமையும். எச்சரித்து விடுவிக்கலாம். பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கலாம். சமூகச் சேவை செய்யச் சொல்லலாம். வாரயிறுதிகளில் மட்டும் தடுத்து வைக்கலாம். அபராதத்தையோ இழப்பீட்டையோ பெற்றோரையே கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. பிரம்படிக்கு உத்தரவிடும் அதிகாரம் மட்டும் இளையர் நீதிமன்றத்துக்குக் கிடையாது. அந்த வயதினருக்கு அதை உயர் நீதிமன்றம்தான் விதிக்க முடியும்.

நீங்கள் செய்தியில் அடிக்கடி பார்ப்பது நன்னடத்தைக் கண்காணிப்பு. நானே பலமுறை எழுதிய வாக்கியம் இது: 'இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அவர் வீட்டில் இருக்க வேண்டும். இத்தனை மணிநேரம் சமூகச் சேவை செய்ய வேண்டும். அவரின் நல்ல நடத்தையை உறுதிசெய்யப் பெற்றோர் 5,000 வெள்ளிப் பிணையில் கையெழுத்திட்டனர்.'

எழுதுவதற்கு மூன்று வரி. வாழ்வதற்கு 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை. தீபாவளிக்கு முந்தின இரவு லிட்டில் இந்தியாவில் கூட்டம் களைகட்டும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். தைப்பூசத்தன்று விடியுமுன்னே பால்குடத்தோடு கிளம்புவது குடும்ப வழக்கம் என்றால், அதிகாரியிடம் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கும். உணவகத்தில் பகுதிநேர வேலை இரவு 11 மணிக்கு முடிகிறதா? வேறு வேலை தேட வேண்டும். மீறினால் மறுபடியும் நீதிமன்றம். அடுத்த உத்தரவு இன்னும் கடுமையாக இருக்கலாம்.

வீட்டில் வைத்துத் திருத்த முடியாது என்று நீதிமன்றம் நினைத்தால் மறுவாழ்வு நிலையம். ஆண் பிள்ளைகளுக்கு சிங்கப்பூர் பாய்ஸ் ஹோம், பெண் பிள்ளைகளுக்கு சிங்கப்பூர் கேர்ள்ஸ் ஹோம். அதிகபட்சம் 3 ஆண்டு. அங்கேயும் படிப்பு தொடரும்.

அதற்கும் மேலே சீர்திருத்தப் பயிற்சி. பெயரைக் கேட்டால் ஏதோ வாரயிறுதி முகாம் போல இருக்கிறது. நடத்துவது சிறைத்துறை. 2018இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி குறைந்தது 6 மாதமோ 12 மாதமோ உள்ளே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் குறிப்பிடும். வெளியே கண்காணிப்பில் இருக்கும் காலத்தையும் சேர்த்தால் 54 மாதம் வரை போகலாம். அதாவது நாலரை ஆண்டு. ஒரே குற்றத்துக்குப் பெரியவர் ஒருவருக்குக் கிடைக்கும் சிறைத்தண்டனையைவிட இளையர் ஒருவர் அதிகக் காலம் உள்ளே இருக்க நேரிடுவதும் உண்டு. இளம் வயது என்றால் எப்போதும் குறைவாகத்தான் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

ஏன் இப்படி? 21 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்களுக்கு மறுவாழ்வே முதல் நோக்கமாக இருக்க வேண்டும் என்று நம் உயர் நீதிமன்றம் 1990களிலிருந்தே சொல்லி வருகிறது. பழக்கத்தை மாற்ற எவ்வளவு காலம் தேவை என்பதுதான் அப்போது அளவுகோல். திருடிய பொருளின் விலை அல்ல. நீதிபதி வி.கே. ராஜா 2007இல் விசாரித்த மேல்முறையீடு ஒன்றில், பதின்ம வயதினர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட நன்னடத்தைக் கண்காணிப்பை மாற்றிச் சீர்திருத்தப் பயிற்சிக்கு அனுப்பினார். 2015இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் முன்னால் வந்த வழக்கிலும் அதுவே நடந்தது. மறுவாழ்வு வேறு, சலுகை வேறு.

<b>7, 10, 16, 18: யார் போட்ட கோடு?</b>

இந்த ஏற்பாடு எல்லாம் வயதை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் வயதுக் கோடுகள் இயற்கையில் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்டவைதான்.

நம் குற்றவியல் தொகுப்புச் சட்டத்துக்கு மூலம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். மெக்காலே வரைந்தது. பிரிட்டிஷ் ஆட்சி அதையே தழுவி நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தின் வழக்கப்படி, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை குற்றத்துக்குப் பொறுப்பேற்கலாம் என்று அதில் இருந்தது. 7 வயது என்றால் தொடக்கநிலை 1. பல் விழுந்து முளைக்கும் வயது.

சிங்கப்பூரில் அந்தக் கோடு மாற ஏறக்குறைய 150 ஆண்டு ஆனது. 2019இல் நிறைவேறிய குற்றவியல் சட்டச் சீர்திருத்தம் அதை 10க்கு உயர்த்தியது. 10 வயதைத் தாண்டி 12 வயதுக்குக் கீழ் இருப்பவர் என்றால், தான் செய்வது என்ன என்று புரியும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். மலேசியாவிலும் அந்த வயது 10தான். இந்தியாவில் 2023இல் வந்த புதிய சட்டத்திலும் 7 அப்படியே இருக்கிறது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சிறுவர் உரிமைக் குழு, 14ஆவது இருக்க வேண்டும் என்கிறது.

மேல் கோடு இன்னும் சுவையானது. இளையர் நீதிமன்றத்தின் கதவு நீண்ட காலம் 16 வயதில் மூடிக்கொண்டது. 16, 17 வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் போகும் நீதிமன்றத்துக்கே போனார்கள். வாக்களிக்க முடியாது, சிகரெட் வாங்க முடியாது, படம் பார்க்கக்கூட அடையாள அட்டையைக் கேட்பார்கள். ஆனால் குற்றவாளிக் கூண்டில் மட்டும் பெரியவர். இதே 17 வயதுப் பிள்ளை கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாருவில் பிடிபட்டிருந்தால்? மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரும் சிறார்தான். அவர்களுக்கென்று தனி நீதிமன்றம்.

2019 செப்டம்பரில் நம் நாடாளுமன்றமும் சிறுவர், இளையர் சட்டத்தைத் திருத்தியது. 'இளையர்' என்ற சொல்லின் எல்லை 18 வயது வரை நீண்டது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் பகுதி முதலில், மற்றவை படிப்படியாக என்று ஏற்பாடு.

அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் இருந்தது. பிள்ளையைச் சமாளிக்க முடியாத பெற்றோர் நீதிமன்றத்தை நாடலாம். முன்பு அந்தப் பிள்ளைகளுக்குப் 'பெற்றோர் கட்டுப்பாட்டை மீறியவர்' என்று பெயர். ஒரு பிள்ளையின் கோப்பில் எழுத வேண்டிய வார்த்தையா இது? இப்போது அதற்குக் குடும்ப வழிகாட்டி உத்தரவு என்று பெயர். பெயர் மட்டும் மாறவில்லை. நீதிமன்றத்துக்கு வருமுன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு குடும்பத் திட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும். "உன்னை போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று மிரட்டும் அப்பாக்களுக்கு, நீங்களும் வந்து உட்காருங்கள் என்கிறது சட்டம்.

<b>உயிரே போயிருந்தால்?</b>

இயர்போன் விஷயத்தில் எல்லாரும் இரக்கம் காட்டுவோம். கொலை என்றால்?

2001ஆம் ஆண்டு மே மாதம். அந்தோணி லெர் என்பவர் தன் மனைவியைக் கொல்ல 15 வயதுச் சிறுவர் ஒருவரைப் பயன்படுத்தினார். 100,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். சிறுவர் அந்தப் பெண்ணைக் கத்தியால் குத்தினார். இருவர் மீதும் கொலைக் குற்றம் உறுதியானது. லெர் 2002இல் தூக்கிலிடப்பட்டார்.

18 வயதுக்குக் கீழ் இருந்தபோது செய்த குற்றத்துக்கு சிங்கப்பூரில் மரண தண்டனை விதிக்க முடியாது. அதனால் சிறுவர் 'அதிபரின் விருப்பத்துக்கு உட்பட்ட' தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். எத்தனை ஆண்டு என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே போகும்போது முகத்தில் மீசை அரும்பாத பிள்ளை. அங்கேயே படித்தார், அங்கேயே வளர்ந்தார். 17 ஆண்டு கழித்து 2018 நவம்பரில் அதிபரின் கருணையால் நிபந்தனைகளோடு வெளியே வந்தபோது வயது 32.

அவருடைய பெயர் இன்றுவரை வெளியாகவில்லை. சிங்கப்பூரை உலுக்கிய வழக்கு, திட்டமிட்டவரின் பெயர் ஊருக்கே தெரியும். கத்தியைப் பிடித்தவரின் பெயர் தெரியாது. அவர் நம் பக்கத்து வீட்டில்கூடக் குடியிருக்கலாம். அது உங்களுக்கு நிம்மதியா, பயமா? எனக்கு இரண்டுமே கொஞ்சம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொல்லப்பட்ட பெண்ணின் வீட்டார் இருந்திருந்தால் என்ன சொல்வார்கள் என்றும் நினைத்துப் பார்ப்பேன். அவர்களுக்கு அந்த 17 ஆண்டு நீளமா, குறைவா?

முடிவு தெரியாத அந்தத் தடுப்புக்காவல் முறை பிறகு மாறியது. 2010ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி இப்போது கொலைக்கு 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஆயுள் தண்டனை.

2021 ஜூலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 16 வயது மாணவர் ஒருவர் பள்ளிக்குள்ளேயே 13 வயது மாணவர் ஒருவரைக் கோடரியால் தாக்கிக் கொன்றார். தாக்கியவருக்குக் கடும் மனச்சோர்வு நோய் இருந்தது. கொலைக் குற்றச்சாட்டு, கொலையாகாத மரணத்தை விளைவித்ததாகக் குறைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் 16 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இங்கே நான் 'தண்டனை' என்று எழுதலாம். ஏனென்றால் இது இளையர் நீதிமன்றம் அல்ல. இத்தகைய கடுமையான குற்றங்கள் நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

இப்படி ஒரு சம்பவம் நடந்ததும் "சட்டத்தைக் கடுமையாக்குங்கள்" என்ற குரல் எழுவது இயல்பு. இந்தியாவில் அது சட்டமாகவே ஆனது. 2012 டில்லி பாலியல் கொடுமை வழக்கில் ஒருவருக்கு அப்போது 18 நிரம்ப இன்னும் சில மாதம் இருந்தது. சட்டப்படி அதிகபட்சம் 3 ஆண்டுதான் அவருக்கு. நாடு கொதித்தது. 2015இல் புதிய சட்டம் வந்தது. கொடிய குற்றம் என்றால் 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரைப் பெரியவர்களைப் போல விசாரிக்க அது வழிவிட்டது.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மிக மோசமான ஒரே ஒரு வழக்கை மனத்தில் வைத்து எழுதும் சட்டம், பிறகு இயர்போன் எடுத்த பிள்ளை மீதும் நிழல் விழச் செய்யும். சிங்கப்பூர் இரண்டையும் வெவ்வேறு வாசல் வழியாக அனுப்புவது சரி என்றே நான் நினைக்கிறேன்.

<b>எனக்கு இடிக்கும் இடம்</b>

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை.

நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஒருவர் பொருத்தமானவரா என்று பார்க்கும்போது வீட்டுச் சூழல் முக்கியம். இரவு 10 மணிக்கு மகன் வீட்டில் இருக்கிறானா என்று பார்க்க யாராவது வேண்டும். சந்திப்புகளுக்குக் கூட்டிப்போக யாராவது விடுப்பு எடுக்க வேண்டும். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா இரவு ஷிஃப்டில் துப்புரவு வேலை, வாடகை வீட்டில் ஐந்து பேர் என்றால்? அதே தவறைச் செய்த இருவரில், அம்மா அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. சட்டம் அதை நினைத்து எழுதப்படவில்லை. நடைமுறையில் அப்படி விழுந்துவிடுகிறது.

வயதில் கொஞ்சம் மூத்தவர் ஒருவரின் வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2019இல் பெண் ஒருவரை ரயிலில் மானபங்கம் செய்த பல்கலைக்கழக மாணவருக்கு 21 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அவருடைய படிப்பு காட்டும் திறமையும் காரணமாகச் சொல்லப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். பாலிடெக்னிக் மாணவருக்கும் ஐடிஇ மாணவருக்கும் இது கிடைக்குமா என்று கேட்டார்கள். 2020இல் உயர் நீதிமன்றம் அதை 2 வாரச் சிறைத்தண்டனையாக மாற்றியது. அவர் 21 வயதைக் கடந்தவர் என்பதால் இளையருக்கான அளவுகோல் அவருக்குத் தானாகப் பொருந்தவில்லை. ஆனால் மக்கள் கேட்ட கேள்வி இளையருக்கும் பொருந்தும். திருந்த முடியும் என்பதற்குத் தேர்வு மதிப்பெண் அத்தாட்சி ஆகுமா?

<b>உங்கள் கைபேசியில் இருக்கும் பகுதி</b>

இன்றைய பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் விஷயங்கள் வேறு. "உன் பேங்க் அக்கவுண்ட்டை ரெண்டு வாரத்துக்குக் கொடு, 300 வெள்ளி தரேன்" என்று டெலிகிராமில் ஒருவர் கேட்கலாம். கொடுத்தால் அது மோசடிக் கும்பலின் பணம் போகும் பாதை ஆகிவிடும். சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பதும் அப்படித்தான். 2023இல் திருத்தப்பட்ட சட்டங்களின்படி "எனக்கு எதுக்குன்னு தெரியாது" என்று சொல்லித் தப்புவது கடினம்.

மின்சிகரெட்டில் சட்டம் வயதை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். 2025 செப்டம்பர் 1இல் எட்டோமிடேட் 'சி' பிரிவுப் போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது. கேபாட் என்று சொல்கிறார்களே, அதில் இருப்பது. அப்போது முதல் முறை பிடிபட்டால் பெரியவருக்கு 700 வெள்ளி அபராதம், 18 வயதுக்குக் கீழ் 500 என்று இருந்தது. அபராதத்தில்தான் வித்தியாசம். மறுவாழ்வுத் திட்டத்துக்கு இருவருமே போக வேண்டியிருந்தது.

இனி, காணொளி. பள்ளிச் சீருடையில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். யாரோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அது எங்களிடமும் வரும். நாங்கள் முகத்தை மறைப்போம், சீருடையை மறைப்போம், பின்னால் தெரியும் புளோக் எண்ணைக்கூட மறைப்போம். இளையர் நீதிமன்ற வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். பெயர், படம் மட்டும் அல்ல. பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, உறவினர் யார் என்பதும் சேரும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் சாட்சி சொல்லும் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

எங்கள் நிறுவனம் இதை மீறினால் நாங்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். உங்கள் டிக்டாக் கணக்கும் வெளியீடுதான். "எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்" என்பது பதில் ஆகாது.

மாமாவின் கேள்வி மிச்சம் இருக்கிறது. திருடியவரைத் திருடன் என்று சொன்னால் என்ன? இளையர் நீதிமன்றம் அந்தச் சொல்லைச் சொல்ல மறுப்பது, 15 வயதில் ஒட்டும் பெயர் 25 வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரக் கூடாது என்பதற்காக. கண்காணிப்பு, ஊரடங்கு நேரம், பிணை எல்லாம் ஒரு தேதியில் முடியும். கூகல் தேடலுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. நீதிமன்றம் பூட்டி வைத்த பெயரை, ஒரு ஃபார்வர்டு மூலம் நீங்களோ நானோ வெளியே விட்டுவிட முடியும்.

எங்கள் தம்பி கடைசியில் தலைப்பை மாற்றினார்: "அடிதடி வழக்கில் 15 வயதுச் சிறுவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு". 'சிறுவன்' என்பதையும் அவரே 'சிறுவர்' ஆக்கியிருந்தார். அதை நான் சொல்லவில்லை.